அவள் அசையவில்லை

பிப்ரவரி 6

அக்கா,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டால் "ரெண்டும் பாதி" என்றுதான் எழுதுவாய். அதனால் கேட்கவில்லை, நன்றாக இருக்கிறாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன். இங்கே உன் மாப்பிள்ளைக்கு இருமல் நின்றுவிட்டது. நான் எப்போதும் போல.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. போனில் நீ டாக்டர். "எத்தனை நாளா? காய்ச்சல் இருக்கா? சரி, பயப்படாத, வச்சிடறேன்." கடிதத்தில்தான் எனக்கு அக்கா கிடைக்கிறாள்.

கட்டெறும்புக்குப் பத்து நாளாக இடது கண் கொஞ்சம் உள்பக்கம் போகிறது. எப்போதும் இல்லை, களைத்துப்போனால் மட்டும். அவரிடம் சொன்னால், "டிவிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு உக்காந்தா கண்ணு எங்கதான் போகும்?" என்கிறார். பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகள் நடக்க ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். டீச்சர் என்னை நிறுத்தி, "உங்க பொண்ணு மட்டும் கோட்டை விட்டுக் கோட்டை விட்டு வெளிய போறா, குறும்பு ஜாஸ்தி ஆயிடுச்சு" என்றார். அவளா? வரிசை தப்பாமல் நடக்கிறாள் என்றுதானே நீ அவளுக்குக் கட்டெறும்பு என்று பேர் வைத்தாய்?

செப்டம்பரில் உன் ஆராய்ச்சிக்காக அவளுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோமே, "நார்மல்" என்று உங்கள் ஆபீசிலிருந்து வந்த தாளை பீரோவிலிருந்து எடுத்து மூன்று தரம் படித்துவிட்டேன். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விடுகிறேன். ஐந்து மாதத்துக்குள் புதிதாக ஒன்றும் வந்துவிடாது, இல்லையா?

உடனே எழுது. ஒரு வரி போதும்.

உன் தங்கை


பிப்ரவரி 15

கவலைக்கென்றே பிறந்தவளே,

நான் சௌக்கியம். சாப்பாடு பாதி, தூக்கம் கால். உன் கணக்குத் தப்பு.

கண் டாக்டரிடம் காட்டு. அநேகமாகக் கண்ணாடி போடச் சொல்வார்கள். உன் பெண் கண்ணாடியோடு இன்னும் பெரிய மனுஷி மாதிரி இருப்பாள். ஐந்து மாதத்துக்கு முன் எடுத்த படம் சுத்தமாக இருக்கும்போது எதற்கு இந்தப் பதற்றமெல்லாம்?

இங்கே நான் இருக்கிற நிலையைக் கேள். மார்ச் 18-ல் பெரிய கூட்டம். சின்னப் பிள்ளைகளுக்கு முழு ஸ்கேன் என்றால் நாற்பது நிமிஷம், மயக்க மருந்து கொடுத்தாக வேண்டும். நாங்கள் எடுக்கும் சுருக்க ஸ்கேன் நாலே நிமிஷம், மயக்கம் வேண்டாம். இதுவே போதும் என்பது என் கட்சி. போதாது, சின்னது தப்பிப்போகும் என்பது பெரியவர்கள் கட்சி. அதற்காகத்தான் நலமாக இருக்கும் பிள்ளைகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு எடுத்தோம். பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டு, ஒவ்வொரு படத்தையும் இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள். இருவருக்கும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆள் சொல்வதே முடிவு. அந்த மூன்றாவது ஆள் வேறு யார், உன் அக்காதான்.

முதலில் பார்க்கிற ஜூனியர் ஒருத்தர் இருக்கிறார். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் ஒரு கேள்விக்குறி போட்டுத்தான் தருவார். நாங்கள் வைத்திருக்கும் பேர் சந்தேகப்புலி. நேற்றுக் கேட்டேன், "ஏன் சார், உங்க கல்யாணப் பத்திரிகையிலயாவது கேள்விக்குறி போடாம இருந்தீங்களா?" மனுஷன் சிரிக்கவே இல்லை.

கட்டெறும்புக்கு அந்த மெல்லிய கையில் ஒரு முத்தம். மாப்பிள்ளையிடம் டிவியை அணைக்கச் சொல்.

உன் அக்கா


மார்ச் 4

அக்கா,

உடம்பெல்லாம் எப்படி என்று நீயும் கேட்க வேண்டாம், நானும் கேட்கவில்லை.

கண் டாக்டர் விளக்கை வைத்துக் கண்ணுக்குள் பார்த்தார். கண்ணாடி எழுதவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, தானே போன் செய்து ஸ்கேனுக்கு நேரம் வாங்கினார். அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று. டாக்டர் நமக்காகத் தானே போன் எடுத்தால் என்ன அர்த்தம் என்று உன்னைப் பார்த்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா?

முழு ஸ்கேன். மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். மூளைத் தண்டு முழுக்கப் பருத்திருக்கிறது. நான் ஆபரேஷன் பற்றிக் கேட்டேன். அங்கிருந்த டாக்டர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கட்டி தனியா உக்காந்திருந்தா எடுத்துடலாம்மா. இது பால்ல தண்ணி கலந்த மாதிரி கலந்திருக்கு. தண்ணிய மட்டும் எப்படிப் பிரிக்கிறது?" என்றார். எவ்வளவு நாள் என்று உன் மாப்பிள்ளை கேட்டார். ஒரு வருஷம் என்றால் அதிகம் என்றார்கள். உன் மாப்பிள்ளை நன்றி சொன்னார் அக்கா. வாசல் வரைக்கும் வந்து, திரும்பிப் போய் இன்னொரு தரம் நன்றி சொன்னார்.

ஒப்பிட்டுப் பார்க்கச் செப்டம்பர் படம் வேண்டுமாம். எங்க அக்காவிடம்தான் இருக்கிறது, கேட்டால் நாளைக்கே வந்துவிடும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அனுப்பு.

தங்கை


மார்ச் 23

அக்கா,

நீ நலமா? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். போனில் உன் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. இரண்டு தரம் பேசினாய், இரண்டு தரமும் மாத்திரை அளவைப் பற்றி மட்டும். "அக்கா" என்று நான் ஆரம்பித்தாலே "யாரோ கூப்பிடறாங்க" என்கிறாய்.

வீக்கம் குறைய மருந்து கொடுக்கிறார்கள். அதனால் முகம் ஊதிவிட்டது, பசியோ பசி. ஒரு பாக்கெட் பிஸ்கட்டை முடித்துவிட்டு, "அம்மா, நான் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கல" என்கிறாள். நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

திங்கட்கிழமையிலிருந்து கதிர் சிகிச்சை. ஆறு வாரம்.

உன் கூட்டம் எப்படிப் போயிற்று? பழைய படம் இன்னும் வரவில்லை. டாக்டர் அம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

தங்கை


ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லாம் வழக்கம் போல. உங்கள் டாக்டரிடம் பேசினேன். கொடுக்கிற சிகிச்சை சரியானது, இதைவிட மேலானது எங்கும் இல்லை. வேறு இடம், வேறு மருந்து என்று யாராவது சொன்னால் அலையாதே.

பழைய படம் பற்றி. பெயர் நீக்கி வைத்ததால் தேடி எடுக்க அனுமதி வாங்க வேண்டும், நாளாகும். அது கிடைத்தாலும் சிகிச்சையில் எதுவும் மாறாது. இந்த நோயில் ஐந்து மாதம் முன்னால் தெரிந்திருந்தாலும் முடிவில் வித்தியாசம் இருந்திருக்காது. ஒரு நாள்கூட அதிகம் கிடைத்திருக்காது. இதை அக்காவாகச் சொல்லவில்லை, டாக்டராகச் சொல்கிறேன்.

கூட்டம் முடிந்தது. நன்றாகப் பேசினேன் என்றார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையையும் பார்த்துக்கொள்.

அக்கா


மே 10

அக்கா,

நலம் விசாரிப்பை விட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. சிகிச்சை இந்த வாரம் முடிகிறது.

முகத்துக்கு அளவெடுத்து ஒரு வலை முகமூடி செய்திருக்கிறார்கள். அதைப் போட்டு மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தினமும் மயக்க மருந்து. இவள் மட்டும், "நான் சிலை, எனக்கு ஊசி வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். டெக்னீஷியன் தம்பி, "மேடம், பெரியவங்களே இப்படிப் படுக்க மாட்டாங்க. நான் உள்ள போய் மூச்சு வருதான்னு பாத்துட்டு வந்தேன்" என்றார்.

உன் கடிதத்தைப் பத்துத் தரம் படித்தேன். முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் உன்னிடம் கேட்கவே இல்லையே? கேட்காத கேள்விக்கு ஏன் பதில் எழுதினாய்?

சம்மதப் படிவத்தின் நகல் என்னிடம் இருந்தது. அவள் எண் நூற்று நாற்பத்தேழு. உங்கள் ஆராய்ச்சி ஆபீசுக்கு நானே எழுதிவிட்டேன்.

தங்கை


மே 24

தங்கைக்கு,

என்னிடம் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். ஆபீசுக்கு எழுதியிருக்க வேண்டாம்.

கட்டெறும்புக்கு வண்ணப் பென்சில் அனுப்பியிருக்கிறேன். இருபத்துநாலு நிறம்.

அக்கா


ஜூன் 18

அக்கா,

நல்ல செய்தி எழுதும்போது நலம் விசாரிக்கத் தோன்றுகிறது. எப்படி இருக்கிறாய்?

கண் நேராகிவிட்டது. நடக்கிறாள், மாடிப்படி ஏறுகிறாள். உன் பென்சிலால் சுவரெல்லாம் கோடு. பள்ளிக்கூடம் போகிறேன் என்று அடம். டாக்டர் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்: "இந்த ரெண்டு மூணு மாசம் நல்லா இருப்பா. நல்லா இருக்காளேன்னு ஏமாந்துடாதீங்க." நான் ஏமாறவில்லை. உன் மாப்பிள்ளைதான் ஏமாந்துவிட்டார். அடுத்த வருஷத்துக்கு ஸ்கூல் பேக் வாங்கி வந்திருக்கிறார். வாங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

உங்கள் ஆபீசிலிருந்து கவர் வந்தது. படமும் இருந்தது, கூட ஒரு தாளும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஸ்கேனில் பிள்ளை அசைந்தால் படம் எப்படி இருக்கும்?

தங்கை


ஜூலை 7

சின்னவளே,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

நீ அந்தத் தாளைப் படித்துவிட்டாய். அதில் இருப்பதை நானே என் கையால் எழுதுகிறேன். எண் நூற்று நாற்பத்தேழு. முதலில் பார்த்தவர் சந்தேகப்புலி. "மூளைத் தண்டு சற்றுப் பருமனா? முழு ஸ்கேன் எடுத்தால் நல்லது" என்று எழுதினார். இரண்டாமவர் நார்மல் என்றார். மூன்றாவதாக என்னிடம் வந்தது. "குழந்தை அசைந்ததால் ஏற்பட்ட மங்கல். நார்மல்." அது நான் எழுதியது. அவளுடையது என்று தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி பார்த்திருப்பேனா என்றும் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒவ்வொரு கேள்விக்குறியும் என் நாலு நிமிஷ ஸ்கேனுக்கு எதிரான ஓட்டு என்பதுதான். நாற்பத்தோரு விநாடி பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கிறது.

உன் கடிதம் கிடைத்ததும் மார்ச் 14 அன்று எடுத்துப் பார்த்தேன். தெரிந்துவிட்டது. 18-ஆம் தேதி மேடையில் ஏறி, ஒரு பிள்ளையும் தப்பவில்லை என்று பேசினேன். கைதட்டினார்கள்.

போன வாரம் சந்தேகப்புலியிடம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "மேடம், நான் பெருசா கண்டுபிடிச்சேன்னு நினைக்காதீங்க. இருநூத்துப் பன்னெண்டுல அறுபதுக்கு மேல கேள்விக்குறி போட்டிருக்கேன். அதுல ஒண்ணு பலிச்சிடுச்சு. அவ்வளவுதான்" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

நாள் கூடியிருக்காது என்று ஏப்ரலில் எழுதியது மட்டும் பொய் இல்லை. ஆனால் எதற்காக எழுதினேன் என்பது உனக்குத் தெரியும்.

அக்கா என்று போட்டுக்கொள்ளலாமா?


ஆகஸ்ட் 21

அக்கா,

போட்டுக்கொள். வேறு என்ன போடுவாய்?

பதில் எழுத ஆறு வாரம் ஆயிற்று. மூன்று எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னை என்னென்னவோ கேட்டிருந்தேன். அதை அவர் பார்த்துவிட்டு, "அனுப்பு, அனுப்பாம இருக்காத" என்றார். அதனாலேயே அனுப்பவில்லை.

அவள் அசையவில்லை. அன்றைக்கு என் வளையல், தோடு எல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டு, என்னை உள்ளே நிற்கவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் அவள் பயப்படாமல் இருக்க, நாலு நிமிஷமும் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிலை விளையாட்டு என்று சொல்லியிருந்தேன், கட்டைவிரல்கூட அசையவில்லை. வெளியே வந்ததும் "நான் ஜெயிச்சேனா?" என்றுதான் கேட்டாள். ஜெயித்தாய் என்று சொன்னேன். நீ யாரை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், ஒரு போன் போட்டிருக்கலாம், "அந்தப் பிள்ளை அசைஞ்சுதா?" என்று. எண்ணுக்கு எங்கே போன் போடுவது? அதுவும் சரிதான்.

நாள் கூடியிருக்காது என்பதை நம்புகிறேன். டாக்டர் அம்மாவும் அதையேதான் சொன்னார். அந்த ஐந்து மாதம் நிம்மதியாக இருந்தோமே, அது நீ கொடுத்ததா, என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதா என்று நானே மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சில நாள் உனக்கு நன்றிகூடச் சொல்லத் தோன்றியது.

ஆனால் டிசம்பரில் ஒரு நாள் அவள் பால் டம்ளரைக் கொட்டிவிட்டாள். அதற்கு முந்தின நாளும் கொட்டியிருந்தாள். "கண்ணு எங்கடி வச்சிருக்க?" என்று முதுகில் வைத்தேன் ஒன்று. விரல் பதிந்துவிட்டது. அவள் அழவில்லை. "கை தானா போகுதும்மா" என்றாள். பொய் வேறா என்று இன்னொன்று வைத்தேன்.

உயிர் தங்கியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு அடி விழுந்திருக்காது அக்கா.

இரண்டு நாளாகக் கண் மறுபடி உள்ளே போகிறது.

தங்கை


செப்டம்பர் 15

என் சின்னவளுக்கு,

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு ஒரு படமும் பார்க்கவில்லை.

ஆராய்ச்சிக் குழுவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேடையில் பேசியதையும். இனி மூன்றாவது ஆளாக நான் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், நியாயம். ஆராய்ச்சிக் கட்டுரையைத் திருத்தி எழுதியிருக்கிறோம். நலமான பிள்ளைகள் இருநூற்றுப் பதினொன்று, தவறவிட்டது ஒன்று. அவள் படத்தையும் போட்டால்தான் மற்றவர்கள் இதே தப்பைச் செய்யமாட்டார்கள் என்கிறார் சந்தேகப்புலி. அதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். படிவமும், கட்டுரையின் பழைய பிரதியும் புதியதும் இதோடு இருக்கின்றன. கிழித்துப் போட்டாலும் சரி.

நான் வரட்டுமா? மார்ச்சிலிருந்து பெட்டியை இரண்டு தரம் கட்டி அவிழ்த்துவிட்டேன்.

அக்கா


அக்டோபர் 4

அக்கா,

நீ நலமாக இரு. வீட்டில் ஒருவராவது நலமாக இருக்க வேண்டும்.

கட்டுரையை இரண்டு தரம் படித்தேன். கல்லூரியில் வேதியியல் படித்தவள், அட்டவணை பார்க்கத் தெரியும். பழைய அட்டவணையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தசமப் புள்ளிக்கு அந்தப் பக்கம்தான் மாறியிருக்கிறது. முடிவுரையில் ஒரு வரிகூட மாறவில்லை. நாலு நிமிஷ ஸ்கேன் போதும், பிள்ளைகளுக்கு மயக்க மருந்து வேண்டாம். தப்புக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் படித்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. நீ சொன்னது சரி. பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைக்கு எது எடுக்கலாம் என்று கேட்டால், சின்னதே போதும் என்றுதான் நானும் சொல்வேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் பிள்ளை போனால் ஒரு கணக்காவது தலைகீழாகும் என்று நினைத்திருந்தேன்.

அவளுக்கு இப்போது விழுங்க முடியவில்லை. குழாய் வழியாகத்தான். பேச்சு குழறுகிறது, எனக்கு மட்டும் புரிகிறது. அவருக்கு நான்தான் சொல்கிறேன். சில நேரம் அவள் சொல்லாததையும் சேர்த்துச் சொல்கிறேன். "அப்பா இங்கேயே உக்காருங்கன்னு சொல்றா." அவர் உட்கார்ந்துவிடுகிறார். இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். எதைப் பார்க்க என்று கேட்டேன். டாக்டர் அம்மா ஃபைலை மூடி வைத்துவிட்டார்.

படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அவர் பேனாவைக் கையில் வாங்க மூன்று நாள் ஆயிற்று. படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கீழே "குழந்தையின் தற்போதைய நிலை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்ப எனக்குக் கை வரவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். தபாலில் அனுப்பவில்லை, இங்கேதான் இருக்கிறது. நீ வந்து அவளைப் பார்த்துவிட்டு எழுது.

தள்ளிப்போடாதே. தாமதித்தால் அந்தக் கட்டத்தில் நீ வேறு சொல் எழுத வேண்டியிருக்கும்.

உன் தங்கை